சிறகும் தலைவீடும்: தஞ்சை மேலவீதியின் கலை வரலாறு

முதலாம் இராசராசன் பெரிய கோயில் பணிக்குக் கொண்டுவந்து அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். கல்வெட்டு அவர்கள் பெயரோடு நிறுத்தவில்லை. எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), அந்தச் சிறகில் தலைவீடா இரண்டாம் வீடா என்று முகவரியும் பொறித்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு 100 கலம் நெல். கலையை வீட்டு வரிசையில் வைத்து எண்ணிய இந்தக் கணக்குமுறை பின்னால் வந்த இசை வரலாற்றாசிரியர்களுக்குக் கைவரவில்லை. அவர்கள் எழுத்தில் தஞ்சைக் கலை அரண்மனையில் வளர்ந்து அரண்மனையோடு மங்குகிறது. மேலவீதியைப் பார்த்தவர்க்கு இது பொருந்தாது என்பதே என் வாதம்.

அந்தப் பெண்கள் குடியிருந்த தளிச்சேரியும் மேலவீதியும் ஒன்றல்ல. மேலவீதி உள்ளிட்ட நான்கு ராஜவீதிகளும் நாயக்கர் காலக் கோட்டை நகரைச் சேர்ந்தவை. ஆகவே ஆயிரமாண்டுத் தொடர்ச்சி என்று பெருமை பேச இங்கே இடமில்லை.

காஞ்சியிலிருந்து புறப்பட்டு உடையார்பாளையம், திருவாரூர் என அலைந்த பங்காரு காமாட்சியின் பொன் திருமேனி, மராட்டிய மன்னர் இரண்டாம் துளஜா காலத்தில் தஞ்சைக்கு வந்து மேலவீதிக் கோயிலில் அமர்ந்தது. அதனுடன் வந்த அர்ச்சகர் குடும்பத்துப் பிள்ளைதான் 1762இல் திருவாரூரில் பிறந்த சியாமா சாஸ்திரி. அதே வீதியில்தான் பெரிய கோயில் நட்டுவ மரபினரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரின் வீடும். முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்ற அவர்கள், குருவைப் போற்றி நவரத்தினமாலை என்ற ஒன்பது பாடல்களை இயற்றினர்.

இந்த அக்கம்பக்க வாழ்வு இசையில் தடம் பதித்ததா? சுரஜதியைக் கேட்டால் தெரியும். அது ஆட்டத்துக்கு உரிய வடிவம். அதை உட்கார்ந்து பாடும் உருப்படியாக மாற்றியவர் சியாமா சாஸ்திரி. தோடி, பைரவி, யதுகுலகாம்போதி என மூன்று சுரஜதிகள். பைரவியில் எட்டுச் சரணங்களின் தொடக்கச் சுரங்கள் ஷட்ஜம் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி மேல் ஷட்ஜத்தில் முடிகின்றன. ஆடுபவர் கால் இல்லாமலே நடை உணரப்படுகிறது. சதங்கை காதில் விழாத ஒருவருக்கு இந்த வடிவம் தோன்றியிருக்காது என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன். மறுபக்கம், அடுத்த தலைமுறையினரான நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரை ஆட்டத்தை வரிசைப்படுத்தி, அதன் நடுவே வர்ணத்தை வைத்தார்கள். கருவறையும் ஆட்டக்களமும் ஒரே வீதியில் கொண்டும் கொடுத்தும் இருந்திருக்கின்றன.

எல்லாரும் அரச மானியத்தில் வாழ்ந்தவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆங்கிலேயருடனான 1799 உடன்படிக்கையில் மன்னர் சரபோஜியின் ஆட்சி கோட்டைக்குள் சுருங்கிற்று. 1855இல் அவர் மகன் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் அதுவும் போயிற்று. அரண்மனையே வேர் என்றால் மரம் அப்போதே பட்டிருக்க வேண்டும். படவில்லை. அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்கள் சம்பளத்தையும் சன்மானத்தையும் சொல்லும். ஜதியும் சுரமும் வீட்டு ஏடுகளில்தான் இருந்தன. நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளையின் மக்கள் கிட்டப்பாவும் சிவானந்தமும் 1961இல் ‘பொன்னையா மணிமாலை’யை அச்சிட்டபோது, அந்தச் சரக்கு வந்தது குடும்பச் சேமிப்பிலிருந்து. சென்னையில் பாலசரஸ்வதிக்குக் கற்பித்த கந்தப்பாவும், ருக்மிணி தேவிக்குக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரமும் இதே மரபினர். அரசவை கலைந்த பிறகு தஞ்சை ஆட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் வீட்டுக்காரர்களே.

இந்த வாதத்தில் ஒரு பொத்தல் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. நான் பெயர் சொன்ன மேலவீதி வீடுகள் இரண்டும் ஆண்களுடையவை: ஒன்று அர்ச்சகருடையது, மற்றது நட்டுவனாருடையது. வர்ணத்தை உடம்பில் ஏற்றி மேடைக்குக் கொண்டுவந்த பெண்களின் வீடுகள் இக்கதையில் வருவதில்லை. 1947 சட்டம் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுத்தது. அவர்கள் தொழிலின் பெயரைச் சொல்வதே கூச்சமாகிவிட்ட காலத்தில்தான் நால்வர் புகழ் மேடையேறியது. 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்காரன் இந்த வீதியில் நடந்திருந்தால், சிறகு எண்ணி, தலைவீட்டில் தொடங்கி, முதலில் அந்தப் பெண்களின் பெயரைத்தான் பொறித்திருப்பான்.