முன் சிலுவை இணைநார்

முன் சிலுவை இணைநார் என்பது முழங்கால் மூட்டின் நடுவே தொடையெலும்பையும் கணைக்கால் உள்ளெலும்பையும் பிணைக்கும் வலிய நார்ப்பட்டை ஆகும். இது பின் சிலுவை இணைநாரைப் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டுச் செல்வதால் இப்பெயர் பெற்றது. பேச்சு வழக்கில் இணைநாரும், மூட்டினுள் மெத்தை போல் அமைந்த பிறைக்குருத்தெலும்பும் ஒருசேர 'ஜவ்வு' என்றே அழைக்கப்படுகின்றன. ஆயினும் இவை வெவ்வேறு உறுப்புகளாகும்.

அமைப்பு

இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஆழமான குழியொன்றில் பொருந்தியுள்ளது. முழங்காலில் அத்தகைய குழி இல்லை. உருண்ட இரு முனைகள் ஏறத்தாழத் தட்டையான பரப்பின்மீது அமர்ந்துள்ளன. எனவே இம்மூட்டின் உறுதி எலும்புகளின் வடிவத்தைவிட இணைநார்களையும் தசைகளையுமே பெரிதும் சார்ந்துள்ளது. இரு பக்க இணைநார்கள் மூட்டு பக்கவாட்டில் வளைவதைத் தடுக்கின்றன. பின் சிலுவை இணைநார் கணைக்கால் எலும்பு பின்னோக்கி நழுவுவதையும், முன் சிலுவை இணைநார் அது முன்னோக்கி நழுவுவதையும் தடுக்கின்றன.

முன் சிலுவை இணைநார் ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுடையது. தொடையெலும்பின் வெளிப்புற முண்டின் உட்பக்கத்தில் தொடங்கி, முன்னும் கீழுமாகச் சாய்ந்து இறங்கிக் கணைக்கால் உள்ளெலும்பின் மேற்பரப்பில் பொருந்துகிறது.

செயற்பாடு

இந்த இணைநாரில் இரு நார்க்கற்றைகள் உள்ளன. முழங்கால் மடங்கும்போது முன்-உட்புறக் கற்றையும், நீளும்போது பின்-வெளிப்புறக் கற்றையும் இறுகுகின்றன. இதனால் மூட்டு எந்நிலையில் இருந்தாலும் ஏதேனும் ஒரு பகுதி இழுவிசையைத் தாங்குகிறது. முன்னோக்கி நழுவ வைக்கும் விசையில் சுமார் 85 விழுக்காட்டை இதுவே எதிர்ப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இளம் வயதினரின் இணைநார் அறுபட ஏறத்தாழ 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டதாக 1991 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. அதாவது 220 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது. எனினும் ஓட்டத்தின் நடுவே திடீரெனத் திரும்புதல், குதித்து இறங்குகையில் முழங்கால் உள்நோக்கிச் சரிதல் ஆகியவற்றால் இவ்வெல்லை கடக்கப்படலாம். பெரும்பாலான காயங்கள் எவரும் மோதாமலேயே நிகழ்கின்றன.

காயம்

அறுபடும்போது 'படக்' என்ற ஒலி உணரப்படுவதுண்டு. சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கும். எக்சு-கதிர்ப் படத்தில் இணைநார் தெரியாது. எனவே எலும்பு முறியவில்லை என்பதைக் கொண்டு காயமில்லை என முடிவு செய்வது தவறாகும். சில வாரங்களில் வீக்கம் வடிந்து, நேராக நடக்கவும் இயலும். பலர் குணமாகிவிட்டதாகக் கருதுவது இக்கட்டத்தில்தான். ஆனால் திரும்பும்போது கால் நிலைதடுமாறும். இவ்வாறு மூட்டு மீண்டும் மீண்டும் நழுவுவதால் பிறைக்குருத்தெலும்பு கிழியலாம்.

முழங்காலைச் சுமார் 20 முதல் 30 பாகை மடக்கிக் கணைக்காலை முன்னோக்கி இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனை, கருவி எதுவுமின்றி இக்காயத்தைக் கண்டறிய உதவுகிறது. காந்த அதிர்வுப் படம் அதனை உறுதிப்படுத்தும்.

மூட்டுநீர் சூழ்ந்திருப்பதால் அறுந்த முனைகளுக்கிடையே நிலையான குருதியுறைவு உருவாவது அரிது. முழுமையாக அறுந்த இணைநார் பெரும்பாலும் தானாக ஒட்டாமைக்கு இது ஒரு காரணமாகும். ஆகவே அறுவை மருத்துவத்தில் நோயாளியின் சில்லெலும்புத் தசைநாணோ பின்தொடைத் தசைநாணோ எடுத்துப் பொருத்தப்படுகிறது. எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. திசைமாற்றி ஓடும் விளையாட்டுகளில் ஈடுபடாத சிலருக்குத் தசைகளை வலுவூட்டும் பயிற்சியே போதுமானதாக உள்ளது.