நோயின் பெயரும் கணக்கும்: விழித்திரை நோய் வகைப்பாடு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருகோணமலை லிங்கநகரிலும் ஈழத்தின் பிற தமிழ் ஊர்களிலும் மக்கள் 'சீனி வருத்தம்' என வழங்கும் நீரிழிவு, காலப்போக்கிற் கண்ணொளியையும் பறிக்கவல்ல நோயாகும். அவ்வாறு பார்வையிழந்தவரைக் கணக்கேடு எப்பெயரின்கீழ்ப் பதிகின்றது? கண்ணோயாளர் என்றா, நீரிழிவாளர் என்றா? எழுத்தரின் சிக்கலாகத் தோன்றும் இவ்வினாவின் பின்னால் நீண்டதொரு சமூக வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக நோக்குவதே எமது எண்ணம்.

சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என வகுத்தது. வாத, பித்த, கபங்களின் ஏற்றத்தாழ்வையே நோய்களின் அடிப்படையாகக் கொண்டமையால், அது கண்ணை உடலினின்றும் பிரித்து நோக்கவில்லை. ஆயின் உயிருள்ளவரின் விழித்திரையை எவரும் கண்டதில்லை. 1851இல் எல்ம்கோல்ட்ஸ் வெளியிட்ட கருவியே அதனைச் சாத்தியமாக்கிற்று. 1850களின் நடுப்பகுதியில் வியன்னாவில் எட்வார்ட் யேகர் நீரிழிவாளரின் விழித்திரை மாற்றங்களை விவரித்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் எழுதவும் கற்பிக்கவும் முற்பட்ட காலமும் ஏறத்தாழ இதுவே.

நோயைக் காண்பது வேறு, எண்ணுவது வேறு. இங்கிலாந்தில் வில்லியம் பார் இறப்புக் காரணங்களை ஒழுங்குபடுத்திய முயற்சியும், 1893இல் பெர்த்திய்யோன் அளித்த சர்வதேசப் பட்டியலும் கைத்தொழில் நகரங்களின் தேவையை ஒட்டி எழுந்தவை. அவை இறப்பையே எண்ணின. குருடு கொல்வதில்லை, ஆகவே குருடர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. 1948இல் உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்ட ஆறாந் திருத்தமே கொல்லாத நோய்களையும் முறைப்படி உள்ளடக்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1979இல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாந் திருத்தம் இரட்டைக் குறிமுறையைப் புகுத்தியது. அடிப்படை நோய்க்குக் குத்துவாட்குறி. அது ஓர் உறுப்பில் வெளிப்படும் நிலைக்கு உடுக்குறி. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாந் திருத்தத்தில் நீரிழிவு விழித்திரை நோய் 'எச் 36.0' எனும் உடுக்குறி இலக்கத்தைப் பெறும். 'ஈ 10' முதல் 'ஈ 14' வரையிலான நீரிழிவு இலக்கங்களுள் ஒன்று அதற்கு முன்னிற்றல் வேண்டும். அரிவாளணுச் சோகை முதலியவற்றால் விளைவன 'எச் 36.8' இல் அடங்கும். உயர் குருதியமுக்கத்தால் விளையும் மாற்றமோ உடுக்குறியற்ற 'எச் 35.0' இல் வைக்கப்பட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராந் திருத்தம் இக்குறிகளைக் கைவிட்டு, இலக்கங்களை ஒன்றோடொன்று கோக்கும் முறையை மேற்கொண்டது.

விளைவைக் காரணத்தோடு பிணைக்கும் இம்முறை ஒருவகையில் இயங்கியல் சார்ந்ததே. ஆயினும் அப்பிணைப்பு உடலின் எல்லையோடு நின்றுவிடுகின்றது. நேரந்தவறிய உணவு, இடையறாத உழைப்பு, ஒருநாட் கூலியை இழக்க அஞ்சிக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடும் நிலை ஆகியவற்றுக்குக் குத்துவாட்குறி இல்லை. கடும் வறுமைக்கு 'இசட் 59.5' என்றோர் இலக்கம் உண்டெனினும், இறப்பின் அடிப்படைக் காரணமாக அதனைப் பதிய விதி இடந்தராது. அமெரிக்காவிலோ இலக்கமே காப்புறுதிப் பட்டியலின் அலகாகி, நோய் பண்டமாகிவிட்டது.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளின் நோய்ப் புள்ளிவிபரம் பெரும்பாலும் விடுதிகளில் தங்கியோரையே அடிப்படையாகக் கொண்டது. விழித்திரை நோயாளரோ கிளினிக்குக்கு வந்து அன்றே திரும்புபவர். ஆகவே பலர் எவ்விலக்கத்துள்ளும் அகப்படார். கணக்கில் இல்லாதோருக்கு நிதியும் கருவியும் ஒதுக்கப்படுவது அரிது. காலத்தோடு கண்டறிந்தால் பெருமளவு தடுக்கக்கூடிய பார்வையிழப்பு இது என்பதே இவ்விடுபாட்டின் கொடுமையாகும். வகைப்பாட்டை நிராகரிப்பது எமது கருத்தன்று. கணக்கேட்டின் பார்வைக்குள் உழைக்கும் மக்களைக் கொணர்தலே வேண்டப்படுவது.