அணைக்கப்பட்ட நகரம்

கடல் கொண்ட நகரங்களையும் தீயுண்ட நகரங்களையும் பற்றி நாம் படித்திருக்கிறோம். அங்கெல்லாம் மண்ணைத் தோண்டினால் உடைந்த பானையோடு ஒன்றாவது அகப்படும். தோண்டுவதற்கு மண்ணே இல்லாத ஒரு நகரத்தைப் பற்றி, மாணவ நண்பர்களே, இன்று சொல்ல விழைகிறேன்.

அதன் பெயர் பாரகன் சிட்டி. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்னும் இணைய விளையாட்டில், 2004 ஏப்ரலில் அதன் வாயில் திறந்தது. அங்கே புகுந்த ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வீரனைப் படைத்து, பெயரிட்டு, விரும்பியவாறு உடையணிவித்து உலவவிட்டனர். ஆனால் நகரம் இயங்கியதோ நிறுவனத்தின் சர்வர்களில்.

2012 ஆகஸ்டு 31ஆம் நாள், அதனை மூடப்போவதாகச் செய்தி வந்தது. அடுத்த மாதமே அட்லஸ் பார்க் என்னும் பகுதியில் வீரர்கள் தீப்பந்தம் ஏந்தித் திரளாகக் கூடி நின்றனர். பயனில்லை, நவம்பர் 30 இரவோடு எல்லாம் அணைந்தது.

'விளையாட்டுத்தானே!' என்று நானும் முதலில் எண்ணியவனே. 8 ஆண்டுகள் மாலைதோறும் நண்பரைச் சந்தித்த தெரு அது என்று உணர்ந்தபின், அவ்வாறு சொல்ல நா எழவில்லை. ஊரைவிட்டுப் போனவன் என்றேனும் திரும்பி வந்து பார்க்கலாம். இவர்களுக்கு அதுவும் இல்லை.

பிற்கதையும் உண்டு. அவ்விளையாட்டின் நிரற்படி ஒன்றைச் சிலர் மறைவாகக் காத்துவந்தது 2019இல் வெளிப்பட்டது. 2024 ஜனவரியில், உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே 'ஹோம்கமிங்' என்னும் ஆர்வலர் குழுவுக்கு அதனை நடத்த உரிமம் வழங்கிற்று. தெருக்கள் மீண்டன. பழைய வீரனை மட்டும், நினைவிலிருந்து பெயரையும் உடையையும் தேடி, முதற்படியிலிருந்து மறுபடி படைக்க வேண்டியிருந்தது.