ஆசியப் பாரா விளையாட்டுகளில் பாட்மிண்டன்

ஆசியப் பாரா விளையாட்டுகளில் நடக்கும் பாட்மிண்டன், இந்தக் கண்டத்தின் மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பதக்கத்துக்காக மோதும் போட்டி. 2010 டிசம்பரில் சீனாவின் குவாங்சோவில் முதல் ஆசியப் பாரா விளையாட்டு நடந்தபோதே பாட்மிண்டனும் அதில் இருந்தது. அடுத்து 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனிலும் 2018இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலும் நடந்தது. 2022இல் சீனாவின் ஹாங்சோவில் நடக்கவேண்டிய நான்காவது போட்டி, பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2023 அக்டோபர் 22 முதல் 28 வரை நடந்தது. 2026க்குரிய ஐந்தாவது போட்டி ஜப்பானின் ஐச்சி–நகோயாவுக்கு வழங்கப்பட்டது.

பாராலிம்பிக்கில் பாட்மிண்டன் முதன்முதலாக ஆடப்பட்டது 2021இல், டோக்கியோவில்தான். ஆசியாவோ அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே இந்த ஆட்டத்துக்குப் பதக்க மேடை கொடுத்துவிட்டது. இந்தோனேசியா, சீனா, மலேசியா, தாய்லாந்து, ஜப்பான், கொரியா, இந்தியா என்று உலகத்தரத்து ஆட்டக்காரர்களில் பெரும்பகுதியினர் இந்தக் கண்டத்தில் இருப்பதால், ஆசியப் போட்டியின் அரையிறுதிகள் பல நேரம் உலகப் போட்டியின் அரையிறுதிகளுக்கு நிகரானவை. இதைக் கண்ட அளவிலான சிறிய போட்டி என்று ஒதுக்குவது தவறு.

பாட்மிண்டனுக்கென்றே தனியாக ஆசியப் பாரா பாட்மிண்டன் சாம்பியன்ஷிப்பும் உண்டு. 2016 நவம்பரில் பெய்ஜிங்கில் நடந்த அந்தப் போட்டியில் எஸ்எல்4 ஆண்கள் ஒற்றையர் தங்கத்தை வென்றவர் சுஹாஸ் யதிராஜ். கர்நாடகத்தைச் சேர்ந்த அவர் அப்போது உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்ட ஆட்சியராகப் பணியில் இருந்த ஐஏஎஸ் அதிகாரி. பின்னர் டோக்கியோ, பாரிஸ் இரண்டு பாராலிம்பிக்குகளிலும் வெள்ளி வென்றார்.

வகைப்பாடு

இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு வகைப்பாடு. யார் யாரோடு ஆடலாம் என்பதை அதுவே முடிவு செய்கிறது. மொத்தம் ஆறு வகைகள். சக்கர நாற்காலியில் ஆடுவோர் இரண்டு பிரிவு: கால்களோடு உடற்பகுதியின் கட்டுப்பாடும் பாதிக்கப்பட்டோர் டபிள்யூஎச்1, உடற்பகுதி பெரும்பாலும் இயங்குவோர் டபிள்யூஎச்2. நின்று ஆடுவோரில் காலில் குறைபாடு உள்ளவர்கள் எஸ்எல்3, எஸ்எல்4. சமநிலையும் ஓட்டமும் அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரியது எஸ்எல்3. கையில் குறைபாடு உள்ளவர்கள் எஸ்யூ5, உயரக் குறைவு உள்ளவர்கள் எஸ்எச்6. செவித்திறன் குறைந்தோர் இவற்றில் வரமாட்டார்கள், அவர்களுக்குரியது டெஃப்லிம்பிக்ஸ். 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸ் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வென்ற மதுரையின் ஜெர்லின் அனிகாவைத் தமிழ்நாடு நன்றாக அறியும்.

வகை மாறினால் ஆடுகளமும் மாறும். வலையின் உயரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: நடுவில் 1.524 மீட்டர், கம்பங்களில் 1.55 மீட்டர். சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டம் பாதி அகலத்தில் நடக்கும். அதில் வலைக்கும் முன் சர்வீஸ் கோட்டுக்கும் இடையில் உள்ள 1.98 மீட்டர் பட்டையில் ஷட்டில் விழுந்தால் அது அவுட். நாற்காலியை அவ்வளவு விரைவாக வலையருகே உருட்டி நிறுத்த முடியாது என்பதால் வந்த விதி இது. ஷட்டிலை அடிக்கும் நொடியில் உடல் இருக்கையைவிட்டு எழக்கூடாது. பின்னுக்குச் சாயும்போது கவிழாமல் இருக்க நாற்காலியின் பின்புறம் சிறு சக்கரம் இருக்கும். எஸ்எல்3 ஒற்றையரும் பாதிக் களத்தில்தான். எஸ்எல்4, எஸ்யூ5, எஸ்எச்6 பிரிவினர் முழுக் களத்தில் ஆடுகிறார்கள்.

பாதிக் களம் என்றதும் எளிதான ஆட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அகலம் குறையும்போது எதிராளியைப் பக்கவாட்டில் ஓடவிட்டு வீழ்த்தும் வழி அடைபட்டுவிடுகிறது. மீதமிருப்பது முன்னும் பின்னும் மட்டுமே. ஸ்மாஷ் அடித்தாலும் எதிராளி எட்டும் தூரத்தில்தான் ஷட்டில் இறங்கும். ஆகவே ராலிகள் நீள்கின்றன. வலையோர டிராப்பையும் பின்கோட்டு உயரப் பந்தையும் ஒரே கையசைவில் மறைத்து அடிக்கும் நுட்பமும், ஒரு புள்ளிக்காக நெடுநேரம் காத்திருக்கும் பொறுமையும் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. பாரிஸ் 2024இல் இந்தியாவின் நிதேஷ் குமாரும் பிரிட்டனின் டேனியல் பெத்தெல்லும் மோதிய எஸ்எல்3 இறுதி 21-14, 18-21, 23-21 என்று முடிய ஒரு மணி இருபது நிமிடம் எடுத்தது. ஹாங்சோவில் அதே பிரிவின் இறுதியில் இரண்டு இந்தியர்கள் எதிரெதிரே நின்றார்கள்: பிரமோத் பகத் 22-20, 18-21, 21-19 என்று நிதேஷை வென்றார். மூன்று செட்டிலும் சேர்த்து இருவருக்கும் இடையில் நின்ற வித்தியாசம் ஒரே புள்ளி.

அரசு தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழும் விளையாட்டு வகைப்பாடும் வேறு வேறு என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல சலுகைகளுக்கு 40 விழுக்காட்டை வரம்பாக வைக்கிறது. விளையாட்டு வகைப்பாட்டாளர்கள் விழுக்காட்டைப் பார்ப்பதில்லை. இந்தக் குறைபாடு இந்த ஆட்டத்தின் அசைவுகளை எந்த அளவு தடுக்கிறது என்பதே அவர்களுடைய கேள்வி. முதலில் மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். பிறகு களத்தில் ஆடவிட்டும் கவனிக்கிறார்கள். அரசுச் சான்றிதழில் உயர்ந்த விழுக்காடு பெற்ற ஒருவர் இங்கே தகுதி பெறாமல் போகலாம்.

ஆசியா வரை வந்த வழி

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் உலக பாட்மிண்டன் சாம்பியன்ஷிப் 1998இல் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட்டில் நடந்தது. தனி அமைப்பாக இயங்கிவந்த பாரா பாட்மிண்டன் 2011இல் உலக பாட்மிண்டன் கூட்டமைப்போடு இணைந்தது. 2014 அக்டோபரில் பாராலிம்பிக்கில் இடம் உறுதியானது. அதற்குப் பிறகுதான் பல நாடுகள் முழுநேரப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின.

பாராலிம்பிக்கில் எல்லா வகைகளுக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. டோக்கியோவில் பெண்களுக்கான எஸ்எல்3 ஒற்றையரும் எஸ்எச்6 ஒற்றையரும் நடத்தப்படவில்லை. குஜராத்தின் பாருல் பர்மார் எஸ்எல்3 பிரிவில் 2014, 2018 ஆசியப் பாரா விளையாட்டுகளின் தங்கங்களை வென்றவர். டோக்கியோவில் அவர் தன்னைவிடக் குறைபாடு குறைந்தவர்களோடு எஸ்எல்4இல் ஆட நேர்ந்தது. பாரிஸில் அந்த இரண்டு ஒற்றையர் பிரிவுகளும் வந்தன, ஆனால் பெண்களுக்கான எஸ்எல்3–எஸ்யூ5 இரட்டையர் எடுக்கப்பட்டுவிட்டது. ஹாங்சோவில் அதே இரட்டையரில் துளசிமதி முருகேசனும் மானசி ஜோஷியும் இந்தோனேசியாவின் லியானி ராத்ரி ஒக்திலா, காலிமாத்துஸ் சாதியா இணையிடம் மூன்று செட் போராடி வெள்ளி வென்றிருந்தார்கள். பாராலிம்பிக் கதவு திறந்தும் மூடியும் இருக்கையில், பல பெண்களுக்குத் தங்கள் சொந்தப் பிரிவில் ஆடக் கிடைத்த பெரிய மேடை ஆசியப் போட்டிதான். இதற்காகவே அதை உயர்வாக மதிக்கவேண்டும்.

2018 ஜகார்த்தாவில் பாருலோடு பிரமோத் பகத், தருண் தில்லான் ஆகியோரும் ஒற்றையர் தங்கம் வென்றார்கள். ஹாங்சோவில் இந்தியா எல்லா விளையாட்டுகளிலுமாக 111 பதக்கங்கள் பெற்றது. அவற்றில் 21 பாட்மிண்டனில் வந்தவை, நான்கு தங்கம். பிரமோத், சுஹாஸ், துளசிமதி ஆகியோரின் ஒற்றையர் தங்கங்களும் நிதேஷ்–தருண் இணையின் இரட்டையர் தங்கமும் அவை. இந்திய அணியைப் பல ஆண்டுகளாக வழிநடத்தும் கௌரவ் கன்னா 2020இல் துரோணாச்சார்யா விருது பெற்றவர். லக்னோவை அவர் பாரா பாட்மிண்டன் பயிற்சியின் மையமாக்கினார்.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள்

ஹாங்சோவுக்குப் பிறகு இந்த ஆட்டம் தமிழ் வீடுகளில் பேசப்பட்டதற்கு முதற்காரணம் காஞ்சிபுரத்தின் துளசிமதி. 2002இல் பிறந்த அவருக்கு இடது கையில் பிறவியிலேயே குறைபாடு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே எஸ்யூ5 பிரிவில் ஆடினார். ஹாங்சோ இறுதியில் சீனாவின் யாங் சியூஷியாவை அவரது சொந்த நாட்டிலேயே 21-19, 21-19 என்று வென்றார். பாரிஸ் இறுதியில் யாங் அதற்குப் பதிலடி கொடுத்தார், துளசிமதிக்கு வெள்ளி.

அந்தப் பாரிஸ் போட்டியின் அரையிறுதி தமிழ்நாட்டுக்குள்ளேயே நடந்தது எனலாம். துளசிமதியை எதிர்த்து நின்றவர் திருவள்ளூர் மாவட்டத்தின் மனிஷா ராமதாஸ். பிறப்பின்போது நரம்பில் ஏற்பட்ட பாதிப்பால் வலது கை முழுதாக இயங்காத மனிஷா, 2022இல் டோக்கியோவில் உலகச் சாம்பியன் ஆனவர், அந்த ஆண்டு உலகக் கூட்டமைப்பின் சிறந்த பாரா வீராங்கனை விருதையும் பெற்றவர். அரையிறுதியில் தோற்ற அவர் வெண்கலப் போட்டியில் வென்றார். எஸ்எச்6 பிரிவில் ஓசூரின் நித்ய ஸ்ரீ சிவன் இன்னொரு வெண்கலம் கொண்டுவந்தார். ஹாங்சோவிலும் மனிஷாவும் நித்ய ஸ்ரீயும் ஒற்றையர் வெண்கலம் வென்றிருந்தார்கள். பாராலிம்பிக் பாட்மிண்டனில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்கள் இந்த மூவரே. இந்தியா பாரிஸ் பாட்மிண்டனில் பெற்ற ஐந்து பதக்கங்களில் மூன்று இவர்களுடையவை. தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும் மற்ற இருவருக்கும் தலா 1 கோடி ரூபாயும் வழங்கியது. 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது மூவருக்கும் கிடைத்தது.

மலை மாவட்டமும் ஷட்டிலும்

காஞ்சிபுரம், திருவள்ளூர், ஓசூர் மூன்றும் பெருநகரங்களை ஒட்டிய ஊர்கள். நீலகிரி போன்ற மலை மாவட்டத்திலிருந்து ஒரு பிள்ளை இந்த ஆட்டத்துக்குள் வரவேண்டுமானால் கணக்கில் எடுக்கவேண்டிய விஷயங்கள் வேறு.

முதலாவது, காற்று. உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர். உதகையின் குளிரையும் சேர்த்துப் பார்த்தாலும், அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஐந்து கிராம் எடையும் பதினாறு இறகுகளும் கொண்ட ஷட்டில் காற்றின் தடையால்தான் வேகம் இழந்து இறங்குகிறது. தடை குறைந்தால் அதே அடியில் அது பின்கோட்டைத் தாண்டிப்போகும். இதனால் ஷட்டில்கள் வேக எண்ணோடு விற்கப்படுகின்றன. சமவெளியில் 77 போன்ற எண்கள் பொருந்தும், உயரமான ஊர்களுக்கு 75, 76 போன்ற மெதுவான ஷட்டில் தேவை. சரியானதா என்று பார்க்க விதிப்புத்தகத்திலேயே ஒரு சோதனை உண்டு. பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே அது விழவேண்டும்.

இரண்டாவது, களத்துக்குப் போகும் வழி. தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகள் சரிவுகளில் அடுக்கடுக்காக நிற்பவை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக உருவான, தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களிலும் குடியிருப்புகள் மலைச்சரிவில்தான். வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிற்கும் சாலைவரை படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் இருந்தால், சக்கர நாற்காலிக்காரரின் பயிற்சி வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். டபிள்யூஎச் பிரிவுக்கான சாய்ந்த சக்கரங்கள் கொண்ட விளையாட்டு நாற்காலி இந்தப் பாதைகளில் உருளாது. அதை அரங்கிலேயே வைத்துப் பூட்டிப் பாதுகாக்க இடம் வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு நாற்காலியும் ஒரு பூட்டிய அறையும் கொடுப்பது பெரிய செலவல்ல, ஆனால் அவை இல்லாமல் அங்கே டபிள்யூஎச் ஆட்டமே தொடங்க முடியாது.

எஸ்யூ5, எஸ்எச்6 பிரிவினருக்கு இந்தத் தடைகள் குறைவு. பள்ளிக்கூட அரங்கில் மற்ற பிள்ளைகளோடு ஒரே களத்தில் ஒரே விதிப்படி ஆடலாம். ஆகவே மலைப்பகுதிப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்கள் முதலில் தேடவேண்டியது இந்தப் பிரிவுப் பிள்ளைகளைத்தான். தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மாவட்டச் சுற்று நீலகிரியிலும் நடப்பதால் முதல் போட்டிக்காக மலையிறங்கிப் போகவேண்டியதில்லை.

மாநிலச் சுற்றுக்கு இறங்கும்போது காற்று மறுபடியும் மாறும். உதகையில் பழகிய கைக்குச் சமவெளியின் ஷட்டில் பாதி வழியில் நிற்பதுபோல் தோன்றும். உயரப் பந்துகள் பின்கோட்டை எட்டாமல் நடுக்களத்தில் விழுந்து எதிராளியின் ஸ்மாஷுக்கு இரையாகும். போட்டிக்குச் சில நாள் முன்பே கோயம்புத்தூரிலோ போட்டி நடக்கும் ஊரிலோ ஆடிப்பார்த்து வீச்சை நீட்டிக்கொள்வது அவசியம். பாதிக் களத்தில் பின்கோட்டு நீளத்தையே நம்பி ஆடும் எஸ்எல்3 ஆட்டக்காரருக்கு இது இன்னும் முக்கியம்.