கலையழகும் அறமும்

கலையின் அறத்தன்மை அதன் அழகைக் கூட்டுமா, குறைக்குமா என்ற வழக்கு தமிழில் பழையது. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியின் காமச்சுவையில் சோழ மன்னன் தோய்ந்திருந்ததால்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்கிறது உமாபதி சிவம் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம். அதே சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தவர் சைவரான உ.வே.சாமிநாதையர். அறக்கண்டனத்தால் அழகு சாகவில்லையே, இரண்டுக்கும் தொடர்பு ஏது என்று கேட்பார்கள். கண்டித்தவர்கள் எடைபோட்டது பாடுபொருளை. அறம் குடியிருப்பதோ பார்வையில்.

இதற்குச் சிறுபாணாற்றுப்படையே சான்று. அதில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் பாணன் வீட்டு அடுக்களையில் கூரை விழுந்திருக்கிறது, கண் திறவாத குட்டிகளுக்குப் பாலூட்ட முடியாமல் நாய் குரைக்கிறது. பசித்த பெண் குப்பைக்கீரை கிள்ளி வேகவைக்கிறாள், போட உப்பில்லை. உப்பு வண்டிகள் ஓடும் பாட்டில் உப்பில்லாக் கீரை! வறுமை அறியாதவர் கண்ணில் படாதிருக்கக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். இது வெறும் வருணனைத் திறம் என்று சொல்லலாம். அடைத்த கதவின் இடுக்கில் எட்டிப்பார்த்து நகைப்பவன் குரலில் இதையே எழுதிப் பாருங்கள். கீரையும் நாயும் இருக்கும், அழகு போய்விடும். அவள் நாணத்துக்குக் கவிஞர் தரும் மதிப்புதான் காட்சியைத் தாங்குகிறது. தீயொழுக்கத்தைத் தீதென்று உணராமல் தீட்டுவது கவிதைக்கே ஊறு என்று 1757இல் டேவிட் ஹியூம் எழுதியதும் இதற்கு அருகில் வருகிறது. பாட்டுடைத் தலைவனான மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெறுவதற்கான புகழ்ப்பாட்டில் அறம் எங்கே என்ற தடையும் உண்டு. புகழ்ச்சி மிகைதான், ஆனால் அந்தக் கதவு எந்த மன்னனையும் புகழவில்லை.

அந்தப் பார்வைக்கும் எல்லை இருந்தது. உப்பு வணிகரான உமணரின் பிள்ளைகளோடு மந்தி கிளிஞ்சிலில் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுவதைக் கண்ட பாட்டு, பாத்தியில் உப்பு வாரியவரைக் காணவில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை நேரில் கண்டறிந்து ராஜம் கிருஷ்ணன் 1979இல் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். கள ஆய்வு கலையை விழுங்கிவிட்டது என்பது இத்தகைய நாவல்கள் மீது வைக்கப்படும் குறை. ஓரளவு ஏற்கலாம்: பாத்திரம் வாய்திறக்க வேண்டிய இடத்தில் ஆசிரியர் பேசினால் நாவல் தளர்கிறது. தளர்வுக்குக் காரணம் அறம் மிகுந்தது அன்று. உப்பில் நிற்பவரின் குரலைக் கேட்பது அந்த நேரம் நின்றுபோகிறது.