செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரும் சோழவரம் ஓடுதளமும்

எல்லாம் ஒரு போன்காலில் ஆரம்பித்தது. என் தாத்தாவின் அண்ணன் 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். காரைக்கால் பக்கம் இது சகஜம். அந்த வருடம் ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, எந்தக் குடியுரிமை வேண்டும் என்று சொல்ல ஆறு மாதம் கொடுத்தார்கள். அவர் அந்தப் பக்கம், என் தாத்தா இந்தப் பக்கம். அவருடைய பேரன், எனக்கு அண்ணன் முறை, பாரிஸில் வேலை. வரிச்சிக்குடிக்கு வருடம் ஒரு முறை வருவார்.

"தம்பி, நீ பி.காம் தானே படிக்கிற? ஒரு கணக்குப் பார்த்துச் சொல்லு. இங்க பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 மலிவா கிடைக்குது. கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடலாமா? லீவுக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமையில தரங்கம்பாடி வரைக்கும் ஒரு ரவுண்டு போகலாம்" என்றார். ஐந்து வருடமாகச் சேர்த்த காசு என்றும் சொன்னார். அதனால் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டது: முடியாது. இந்தியாவுக்குள் வரும் பழைய கார் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி உண்டு, அது அண்ணனுக்கு உதவாது. பிரான்ஸ் கார் என்றால் ஸ்டியரிங் இடது பக்கம், கதை அங்கேயே முடிந்தது. அதையும் தாண்டினால் வண்டி விலையைவிட வரி அதிகம். ஆனால் இதைத் தேடப்போய் வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இப்படிப்பட்ட கதவுகள் எல்லாம் மூடியிருந்த காலத்திலும் நம் ஊரில் சிலர் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியிருக்கிறார்களே, எப்படி?

கொஞ்சம் பின்னால் போவோம். சுதந்திரத்துக்கு முன் கார் வாங்கப் பணம் இருந்தால் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயிலேயே கார் பூட்ட ஆரம்பித்துவிட்டது, ஃபோர்டும் இங்கே இருந்தது. பிரிட்டனில் எம்.ஜி. கம்பெனி 1945 முதல் 1949 வரை டிசி என்று ஒரு குட்டிக் கார் செய்தது. 1250 சிசி இன்ஜின், இரண்டு சீட், துணிக் கூரை, அவ்வளவுதான். பத்தாயிரம் வண்டிதான் மொத்தமே. அந்த வகைக் கார்கள் இந்தியாவுக்கும் வந்தன. ஓட்டிய துரைமார்கள் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார்கள். நம்மவர்கள் கைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வந்ததில் பாதி, இப்படிக் கழித்துப் போட்ட வண்டிகள்தான்.

பிறகு வந்தது 1953. இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் இருக்கலாம் என்று டாரிஃப் கமிஷன் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. மிச்சம் இருந்தது அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் பணக்காரப் பையனின் பொம்மைக்கு டாலர் எதற்கு என்று அரசாங்கம் நினைத்ததில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் ஆசையைத் தடை செய்ய லைசென்ஸ் ராஜ்ஜியத்தால் முடியவில்லை. தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த கார்களை அவர்கள் போகும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாங்கி ஏலம் விடும். அந்த ஏலத்துக்கு இருந்த கூட்டம் புது அம்பாசடருக்குக்கூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன் :-)

இதே 1953-ல்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமானது. நல்ல வேடிக்கை! ஒரு பக்கம் காரே வராது என்கிறார்கள், இன்னொரு பக்கம் ரேஸ் கிளப். ஓட்ட இடம்? சென்னைக்கு வடக்கே செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதுதான் ரேஸ் டிராக். ஏறக்குறைய 1990 வரைக்கும் இந்தியாவின் முக்கியமான கார், பைக் பந்தயங்கள் அந்த சிமெண்டுத் தரையில்தான் நடந்தன.

அங்கே ஓடிய வண்டிகளைப் பார்த்தால் அந்தக் காலத்துப் பொருளாதாரமே தெரியும். வசதி உள்ளவர்களுக்கு வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த ரேஸ் கார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் பார்முலா ஒன் காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். அதுவும் பழைய வண்டிதான். (அவருடைய பிற்காலக் கணக்குகளைப் பற்றி வணிகவியல் மாணவன் எழுத ஆரம்பித்தால் தனிப் புத்தகம் ஆகும், விடுங்கள்.) மற்றவர்களுக்கு? வீட்டு ஃபியட், வீட்டு ஹெரால்டு. சீட்டைக் கழற்று, எடையைக் குறை, லேத்தில் கொடுத்து இன்ஜினைச் சரிசெய், ஞாயிற்றுக்கிழமை ஓட்டு, திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீஸ் போ.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்தில் அதைச் செய்தது. முதலில் 948 சிசி இன்ஜின். இது மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர் வடிவமைத்த டிரையம்ப் ஹெரால்டுதான். அதே மிக்கெலாட்டி, அதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு உருவம் கொடுத்தார். அது பிரிட்டனில் 1980 வரை விற்றது. அதாவது ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு வண்டலூரிலேயே தயாராகிக்கொண்டிருந்தது! மேலே போடும் சட்டை மட்டும்தான் வரவில்லை. நம் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு. மாமியார், மாமனார், குழந்தைகள் எல்லாரும் ஏற வேண்டுமே, பாவம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்தை அதுதான் கேட்டது.

ஹெரால்டில் பாடியும் சேஸியும் தனித்தனி, போல்ட் போட்டு மாட்டியது. அதனால் பாடியைக் கழற்றி வேறு உருவம் போடுவது நம் ஷெட் மெக்கானிக்குகளுக்குப் பெரிய காரியமில்லை. வாங்கக் கிடைக்காததைச் செய்துகொள்வோம் என்ற பழக்கத்தின் உச்சம் கோயம்புத்தூர் கரிவர்தன். மில் குடும்பத்துப் பிள்ளை, தானே ரேஸ் ஓட்டியவர். 1988-ல் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து பார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கினார். எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும் பாகங்கள். வெளிநாட்டு செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும் சக்தி இல்லாதவனும் ரேஸில் உட்கார முடிந்தது அதற்குப் பிறகுதான். 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்து டிராக்குக்கு அவர் பெயர்தான். 2005-ல் நாராயண் கார்த்திகேயன் பார்முலா ஒன்னுக்குப் போனார் என்றால் அந்த வழியில் கரிவர்தனுக்குப் பங்கு உண்டு.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது, சோழவரம் முடிந்தது. தாராளமயத்துக்குப் பின் 1998-ல் சான் ஸ்டார்ம் என்று ஒரு இந்திய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஃபைபர் பாடி, ரெனால்ட்டின் 1149 சிசி இன்ஜின், 60 குதிரைத்திறன். பார்க்க அழகு, வாங்கத்தான் ஆளில்லை.

இனி அண்ணன் கணக்கு. குறைந்து செல் மதிப்பு முறையில் தேய்மானம் முதல் சில வருடங்களில்தான் அதிகம், அதை முதல் ஓனர் சுமந்துவிடுவார். பழசு வாங்குபவனுக்கு அது லாபம். ஆனால் பதினைந்து வயதில் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பாகம் கிடைக்காமல் ஷெட்டில் நிற்கும் மாதங்களுக்கு எந்த லெட்ஜரிலும் பத்தி இல்லை.

"இங்கேயே வாங்கி பிஒய்-02 நம்பர் போட்டுட்டா வரி கம்மிதானே?" என்று அடுத்து கேட்டார். எங்கள் நம்பருக்கு வெளியூரில் இருக்கும் மவுசு அப்படி. 2017-ல் கேரள நடிகர்கள் சிலர் பாண்டிச்சேரி விலாசத்தில் சொகுசுக் கார் பதிவு செய்து வழக்கில் மாட்டியது ஞாபகம் இருக்கலாம். கேரளாவில் அப்போது விலையுயர்ந்த காருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரி. அண்ணனுக்கு இங்கே நிஜமான வீடு இருக்கிறது, அதனால் பொய் விலாசம் தேவையில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி, வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். எங்களுக்கு வேறு மாநிலம் என்றால் நண்டலாறு தாண்டினாலே வேறு மாநிலம். தரங்கம்பாடிக்கு ஓட்டிப் போகலாம், அங்கேயே வைத்துக்கொள்ளத்தான் கூடாது.

எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த ஹெரால்டு ஒண்ணு எங்கயாச்சும் விலைக்கு வருதான்னு பாரு தம்பி. ரெண்டு கதவு உள்ளது" என்றார். மாயவரத்தில் ஒன்று தார்ப்பாய் போட்டு நிற்பதாக நண்பன் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை போய் சேஸியில் துரு எவ்வளவு என்று பார்த்துவிட்டு வருகிறேன்.