பஞ்சுப் பனி

திருவருகைக் காலத்தின் இறுதி வாரத்தில் எங்கள் பங்கு இளைஞர்கள் குடில் அமைக்கத் தொடங்குவார்கள். சோளத்தட்டு கூரையாகும், வைக்கோல் மெத்தையாகும். கடைசியாக, கூரையின்மேல் வெண்பஞ்சைப் பிய்த்துத் தூவுவார்கள். அதுதான் பனி! அவிநாசிபாளையத்தில் பனிமழை பெய்து எவரும் கண்டதில்லை. மார்கழி விடியலில் போர்வையைச் சற்று இழுத்துக்கொள்வோம்; நண்பகலில் வெயில் சுடும். அப்படியானால், இந்தப் பஞ்சு யாருடைய நினைவு?

இயேசு பிறந்த நாள் எதுவென நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. நான்காம் நூற்றாண்டில் உரோமைத் திருச்சபை டிசம்பர் 25-ஐப் பிறப்பு விழாவாகக் கொண்டாடியது. ஐரோப்பாவில் அது நெடிய இரவுகளின் காலம். 1223-இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிரேச்சோ மலையூரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்த குடிலும் அத்தகைய இரவில் எழுந்ததே. அந்நாடுகளிலிருந்து வந்த மறைப்பணியாளர்கள் விழாவோடு தம் ஊர்க் குளிர்காலத்தையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். அந்த ஏக்கத்தின் எச்சமே நம் பஞ்சுப் பனி.

அவர்களுள் ஒருவரை நாம் மறத்தலாகாது. தென்பிரான்சின் காஸ்தெல்நொதாரி ஊரில் 1813-இல் பிறந்த மரியோன் பிரெசிலாக் அடிகளார், 1842-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதோ 1869-இல்தான். எனவே அன்று வீட்டுக்கு எழுதும் கடிதம் போய்ச் சேர்ந்து, பதில் திரும்பிவர மாதங்கள் பல ஆகும். அவர் 1846 அக்டோபர் 4 அன்று நம் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைப் பகுதித் திருச்சபையின் பொறுப்பை ஏற்றார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உற்றாரைப் பிரிந்து இம்மண்ணில் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினார். இம்மண்ணின் மைந்தரே இத்திருச்சபைக்குக் குருக்களாக வேண்டும் என்பதே அவர் கொண்ட பெருவிருப்பம். பின்னர் 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859-இல் பிரீடவுன் சென்று இறங்கிய ஆறு வாரங்களுக்குள், அங்கே பரவிய கொள்ளைநோயில் உயிர்நீத்தார்.

அன்று அந்நியராய் வந்தவர் நமக்கு விழாவைத் தந்தார். இன்று அந்நியராய் வருவோர்க்கு நாம் என்ன தருகிறோம்?

குந்தி, கும்லா, சிம்தேகா, சுந்தர்கட் எனச் சோட்டாநாகபுரி நிலப்பரப்பிலிருந்து பிள்ளைகள் பலர் திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு வந்துள்ளனர். 1885-இல் அங்கு சென்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளாரின் பணியால் விளைந்த திருச்சபையின் மக்கள் அவர்கள். தீபாவளிக்குப் பல நாள் விடுமுறை உண்டு. கிறிஸ்துமசுக்கோ ஒரே நாள். திருப்பூர் வழியாகச் செல்லும் தன்பாத் விரைவு வண்டியில் ராஞ்சி சேரவே இரண்டு இரவுகள் ஆகும். பின் எப்படி ஊருக்குப் போவது?

சில ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவுத் திருப்பலியில் தங்கள் சாத்ரி மொழியில் ஒரு பாடல் பாட அவர்கள் இசைவு கேட்டார்கள். நேரமில்லை என்று மறுத்துவிட்டேன். மறுப்பேதும் சொல்லாமல், கடைசி வரிசையில் கைகூப்பி நின்றார்கள். திருப்பலி முடிந்தபின் ஓர் இளைஞன் கைப்பேசியில் தன் தாய்க்கு நம் குடிலைக் காட்டிக்கொண்டிருந்தான். திரையில், கம்பளி போர்த்திய அந்த அன்னை தீமூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். இங்கே மகனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவ்விரவு எனக்கு உறக்கமில்லை. விடுதியில் இடமில்லை என்று சூசையிடமும் மரியாவிடமும் சொல்லப்பட்ட அதே மறுமொழியை அன்றோ நானும் சொல்லியிருந்தேன்!

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் புலம்பெயர்ந்தோர் குறித்து விடுத்த ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய நாசரேத்துத் திருக்குடும்பத்தையே அவர்கள் அனைவருக்கும் முன்மாதிரியாக நிறுத்தினார். குருமடத்தில் நான் அதைப் படித்தேன், தேர்விலும் எழுதினேன். ஆலய வாசலில் அதை மறந்துபோனேன்.

மறு ஆண்டு அவர்கள் பாடினார்கள். 'மாந்தர்' என்னும் அவர்தம் மத்தளம் நம் ஆலயத்தில் ஒலித்தது. பத்து மணித்துளிகள்கூட ஆகவில்லை. நம் மூதாட்டியர் சிலர் சொல் விளங்காமலே கண்கலங்கினர்.

அன்பர்களே, இவ்வாண்டும் குடிலில் பஞ்சு தூவுவோம். தூவும்போது, அது வீட்டை நினைத்த ஒருவரின் ஏக்கம் என்பதை நினைவிற் கொள்வோம். அத்தகைய ஏக்கத்தோடு நம் கடைசி வரிசையில் நிற்பவரை முன்னே அழைப்போம். விழா நாளில் நம் வீட்டில் அவருக்கும் ஓர் இலை போடுவோம்.